கம்யூனிட்டி காலேஜ் பேஸ்பால் கோச்சாகப் போகிறீர்களா?

விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாறியவர்களுக்குத் தெரியும். அங்கே இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு விழுப்புரத்தில் ஒரு வேலையும் கிடையாது. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம் என்பதுதான் கவலை. அமெரிக்காவின் இரண்டு வருடக் கல்லூரிகளை கம்யூனிட்டி காலேஜ் என்பார்கள், ஜூனியர் காலேஜ் என்றும் சொல்வார்கள். அங்கே ஆடுகிற பேஸ்பாலும் அப்படி ஒரு ஜங்ஷன். பள்ளி முடித்த பையன் இங்கே அதிகபட்சம் இரண்டு சீசன் ஆடுவான். அதன்பின் நான்கு வருடக் கல்லூரிக்கோ, தொழில்முறை அணிக்கோ, மாமாவின் ஏசி ரிப்பேர் கடைக்கோ போய்விடுவான். எங்கே போனாலும் போயே ஆக வேண்டும். புதிதாக வரும் கோச்சுகள் பலர் இதை மறந்துவிட்டு, நிரந்தரமாக ஓர் அணியைக் கட்டப் பார்க்கிறார்கள். இரண்டாவது வருடம் அணி காலியாகும்போதுதான் விஷயம் உறைக்கிறது.

நான் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரியில் ஆறு வருடம் துணைக் கோச்சாக இருந்தவன். அதில் முதல் இரண்டு வருடம் சம்பளம் இல்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்குப் பேஸ்பால் மகன் வழியாக வந்தது. அவன் விட்டுவிட்டான், எனக்கு விடவில்லை. இங்கே சொல்வதில் கலிபோர்னியா வாடை தூக்கலாக இருக்கும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் விதி எண்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

எந்தச் சங்கத்தின் கீழ் ஆடுகிறீர்கள்?

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே இதைக் கேளுங்கள். நாட்டின் பெரும்பாலான இரண்டு வருடக் கல்லூரிகள் 1938இல் தொடங்கிய என்ஜேசிஏஏ சங்கத்தில் இருக்கின்றன. அதில் மூன்று டிவிஷன். முதல் இரண்டு டிவிஷன்களில் விளையாட்டு உதவித்தொகை தரலாம், மூன்றாவதில் கூடாது. டிவிஷன் 1 அணிகளின் இறுதித் தொடர் 1959 முதல் கொலராடோவில் நடக்கிறது. ஊரின் பெயரே கிராண்ட் ஜங்ஷன். நான் சொன்ன உவமைக்கு அமெரிக்கர்களே பெயர்ப்பலகை எழுதி வைத்திருக்கிறார்கள்.

கலிபோர்னியாவுக்குத் தனிச் சங்கம், சிசிசிஏஏ. இங்கே விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை கிடையாது. வாடகை கட்டுவது, செல்போன் பில் கட்டுவது, உங்கள் வீட்டு மாடியறையைக் கொடுப்பது எல்லாம் விதிமீறல். ஆனால் மாநிலவாசிக்குக் கல்விக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர்தான். யூனிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு. 12 யூனிட் எடுத்தால் ஒரு செமஸ்டருக்கு 552 டாலர். பலருக்கு அதுவும் தள்ளுபடியாகிவிடும். வாஷிங்டன், ஓரிகன் பக்கம் இன்னொரு சங்கம் இருக்கிறது. அங்கே மர மட்டையில்தான் ஆட வேண்டும்.

சீசனில் எத்தனை ஆட்டம் என்பதும் மாறும். என்ஜேசிஏஏ டிவிஷன் 1இல் 56 வரை ஆடலாம், கலிபோர்னியாவில் 40. கேட்க லேசான வித்தியாசம். ஆனால் பந்து எறிகிற பிட்சர் எத்தனை பேர் வேண்டும், எத்தனை பந்து வாங்க வேண்டும், எத்தனை நாள் பையன்கள் வகுப்பைத் தவறவிடுவார்கள் என்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

நேர்காணலில் இன்னும் நான்கு கேள்வி கேட்டுவிடுங்கள். மைதானத்தைப் பராமரிப்பது யார்? வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி ஓட்டுவது யார்? எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம்? மாணவரின் தகுதியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது யார்? முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் "நீங்கள்தான்" என்று பதில் வரும். மூன்றாவதற்கு ஒரு சிரிப்பு வரும். தலைமைக் கோச்சுகளில் சிலர் முழுநேர உடற்கல்வி ஆசிரியர்கள், மற்றவர்கள் பகுதி நேரம். துணைக் கோச்சுகள் எல்லாரும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அணியில் ஒருவர் தீயணைப்பு வீரர், ஒருவர் பாதாம் தோட்டத்தில் சூப்பர்வைசர்.

நான்காவது கேள்வி மிக முக்கியம். அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

மட்டைக்கு முன் மார்க் ஷீட்

கலிபோர்னியாவில் சீசன் ஓடுகிற நாட்கள் முழுக்கப் பையன் குறைந்தது 12 யூனிட்டில் பதிவாகி இருக்க வேண்டும். அதில் 9 யூனிட்டாவது பட்டத்துக்கோ, நான்கு வருடக் கல்லூரிக்கு மாறுவதற்கோ, சான்றிதழுக்கோ கணக்காகிற பாடமாக இருக்க வேண்டும். இரண்டாவது சீசன் ஆட, இடையில் 24 யூனிட் முடித்து, ஜிபிஏ என்கிற சராசரி மதிப்பெண்ணை 2.0க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே சொல்வீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

என் மூன்றாவது வருடம், மார்ச் மாதம். இரண்டாம் பேஸ் பக்கம் நின்று பந்து பிடிக்கிற எங்கள் செகண்ட் பேஸ்மேன் புள்ளியியல் வகுப்பில் தடுமாறிக்கொண்டிருந்தான். இரவு 11 மணிக்குப் படுக்கையில் இருந்தபடி செல்போனில் அந்த வகுப்பை விட்டுவிட்டான். ஒரே ஒரு பட்டன். 12 யூனிட் இருந்தது 9 ஆனது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதன்பின் நான்கு ஆட்டம் ஆடினான், மூன்றில் ஜெயித்தோம். பத்து நாள் கழித்து அலுவலகத்தில் பட்டியலைச் சரிபார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. மூன்று வெற்றியும் பறிபோனது. "கோச், அந்த கிளாஸ் ட்ராப் பண்ணா எஃப் வராதுன்னு நெனச்சேன்" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. வாராவாரம் பட்டியலைப் பார்க்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. நான் அந்த இரண்டு வாரமும் மழையில் நனைந்த மைதானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் திங்கட்கிழமை காலை முதல் வேலையே அதுதான். கவுன்சலரிடமிருந்து பதிவுப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யூனிட்டை எழுதிவிடுவேன். 13 யூனிட் எடுத்தவனைவிட 15 எடுத்தவன் பாதுகாப்பானவன், ஒரு வகுப்பு போனாலும் தாங்கும். ஆகஸ்டில் வகுப்பு தேர்ந்தெடுக்கும்போதே 15க்குத் தள்ளிவிடுங்கள்.

பயிற்சி நேரத்தோடு மோதாத வகுப்புகளாகப் பார்த்து எடுப்பதால் இன்னொரு சிக்கல் வரும். மதியம் 2 மணிக்குப் பயிற்சி என்றால், பையன் காலையில் கிடைக்கிற ஏதோ நான்கு பாடத்தை எடுத்து வைப்பான். அவை போகப்போகிற பல்கலைக்கழகத்தில் செல்லுமா என்று பார்த்திருக்க மாட்டான். கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் தளத்தை நீங்களும் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெளிமாநிலம் போகிறவனுக்கு அது உதவாது, அந்தந்தக் கல்லூரிக்கு எழுதித்தான் கேட்க வேண்டும்.

ஆள் சேர்ப்பது

கலிபோர்னியாவில் உங்கள் கல்லூரிக்கென்று ஒரு வட்டாரம் உண்டு. அதற்குள் இருக்கிற பள்ளிகளில் நீங்களே போய்ப் பேசலாம். வெளியே இருக்கிற பையன் என்றால் அவன்தான் முதலில் உங்களைத் தொடர்புகொள்ள வேண்டும். முதல் தொடர்பு என்று நடந்தது, யார் எடுத்தது என்பதற்குப் படிவம் உண்டு, நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாவட்டத்து மைதானத்தில் தெரியாத்தனமாக ஒரு அப்பாவிடம் "உங்க பையன் நல்லா போடறான்" என்று ஆரம்பிப்பதுகூடப் பிரச்சினையில் முடியலாம்.

யாரைத் தேடுவது? நான்கு வருடக் கல்லூரிகள் விட்டுவைத்தவர்களை. ஏன் விட்டுவைத்தார்கள் என்று கண்டுபிடிப்பதில்தான் உங்கள் கண் தெரியும். உயரம் போதவில்லையா, மார்க் போதவில்லையா, கடைசி வருடம் முழுக்கக் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தானா? ஆல்பர்ட் புஹோல்ஸ் மிசூரியில் மேப்பிள் வுட்ஸ் கம்யூனிட்டி காலேஜில் ஆடிவிட்டு 1999 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 13ஆவது சுற்றில்தான் எடுக்கப்பட்டார், பிறகு மேஜர் லீக் என்கிற உச்சத் தொழில்முறை ஆட்டத்தில் 700 ஹோம் ரன் தாண்டினார். பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான மைக் பியாசா மயாமி-டேட் கம்யூனிட்டி காலேஜில் இருந்து 1988இல் 62ஆவது சுற்று. இப்போது டிராஃப்டே 20 சுற்றுதான், அப்படி ஒரு பெயர் பட்டியலில் வரவே வராது. எதிர்ப்பக்கம் பிரைஸ் ஹார்ப்பர். பள்ளியை முன்கூட்டியே முடித்துக்கொண்டு 17 வயதில் சதர்ன் நெவாடா கல்லூரிக்கு வந்து, 2010இல் டிராஃப்டின் முதல் ஆளாகப் போனார். ஜூனியர் காலேஜ் பையனை ஒவ்வொரு வருடமும் டிராஃப்டில் எடுக்கலாம். நான்கு வருடக் கல்லூரிக்குப் போனவன் பொதுவாக மூன்று வருடமோ 21 வயதோ ஆகும்வரை காத்திருக்க வேண்டும். ஹார்ப்பர் போட்ட கணக்கு அதுதான்.

உங்களிடம் ஹார்ப்பர் வர மாட்டார். 35 பேரில் இருவர் மூவருக்கு, நான்கு வருடக் கல்லூரிகளின் சங்கமான என்சிஏஏவின் டிவிஷன் 1இல் வாய்ப்பு வந்தால் நல்ல வருடம். இனி டிவிஷன் 1 என்று நான் சொல்வது இதைத்தான். இதைப் பெற்றோரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வீடு எல்லா அப்பாவுக்கும் தன் பையன் ஆள் தேடி வருகிற ஸ்காட் கண்ணில் படவில்லை என்பதுதான் குறை. இப்போது இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. 2025–26 முதல், வீரர்களுக்குக் கல்லூரியே பணம் தர வழிசெய்த வழக்குச் சமரசத்தில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளில் பேஸ்பால் அணிக்கு 34 பேர் உச்சவரம்பு. முன்பு 40 பேர் இருந்த இடம். வெளியே தள்ளப்பட்டவர்கள் ஜூனியர் காலேஜ் பக்கம் வருகிறார்கள். உங்களுக்கு நல்ல ஆட்கள் கிடைப்பார்கள், நீங்கள் அனுப்ப வேண்டிய இடங்கள் குறையும்.

பயிற்சி: நிற்கிறவன் இருக்கக் கூடாது

செப்டம்பரில் தொடங்கும் இலையுதிர்காலம்தான் கற்றுக்கொடுக்கிற காலம். ஜனவரி கடைசியில் ஆட்டம் தொடங்கிவிட்டால் பழுது பார்க்கத்தான் நேரம் இருக்கும்.

புதுக் கோச்சின் பயிற்சியைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ஒருவன் மட்டை பிடிப்பான், ஒருவன் பந்து போடுவான், முப்பது பேர் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். 32 பேர் இருந்தால் எட்டெட்டாக நான்கு கூட்டமாகப் பிரியுங்கள். முதல் கூட்டம் மைதானத்தில் பேட்டிங். பந்து போடுகிறவருக்கு முன்னால் எல் வடிவ வலை கட்டாயம். இரண்டாவது கூட்டம் வலைக்கூண்டில், கம்பத்தின் மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். மூன்றாவது கூட்டம், ஓடுகிறவன் தொட்டுப்போக வேண்டிய பேஸ்களில் நின்று, மட்டையிலிருந்து பந்து கிளம்பும் கோணத்தைப் பார்த்து ஓடலாமா திரும்பலாமா என்று முடிவெடுப்பார்கள். நான்காவது தத்தம் இடத்தில் நின்று வருவதைப் பிடிப்பார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விசில். ஒரு மணி நேரத்தில் எல்லாரும் எல்லாம் செய்திருப்பார்கள்.

கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் முதல் வாரத்தில், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் பையனுக்கு ஃபங்கோ மட்டையில் தரைப்பந்து அடித்துக்கொண்டிருந்தேன். ஃபங்கோ என்பது மெல்லிய, நீளமான, பயிற்சிக்கென்றே செய்த மட்டை. பந்து இரண்டு முறை அவனைத் தாண்டிப் போனது. நான் போய், ஒரு முட்டியை மடக்கி, காலைப் பந்துக்குக் குறுக்கே வைத்து, உடம்பால் தடுத்துக் காட்டினேன். சேப்பாக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாத தடுப்பு. தலைமைக் கோச் வாளி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கவிழ்த்த பந்து வாளிதான் இங்கே கோச்சின் நாற்காலி. "பந்தை நிறுத்திட்டீங்க, ரொம்ப சந்தோஷம். ஓடறவன் பேஸ்ல நின்னு கை தட்டறான்" என்றார்.

பேஸ் இரண்டுக்கும் நடுவே 90 அடி. சராசரி வேகமுள்ள வலதுகை பேட்டர் அடித்த இடத்திலிருந்து முதல் பேஸுக்கு ஏறக்குறைய 4.3 நொடியில் போய்விடுவான். ஷார்ட்ஸ்டாப் அதற்குள் பந்தை எடுத்து, கால் மாற்றி, எறிந்து, அது போய்ச் சேரவும் வேண்டும். ஆகவே முட்டி தரையைத் தொடக் கூடாது. பின்பக்கம் தாழ்ந்து, கையுறை உடம்புக்கு முன்னால் நீண்டு, எடுக்கும்போதே வலதுகால் எறிகிற பக்கம் திரும்ப வேண்டும். பந்து தானாக வரட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு எட்டு முன்னே போகிறவனுக்கு அரை நொடி மிச்சம். கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு இதைப் பழக்குங்கள். நூறு முறை "சீக்கிரம்" என்று கத்துவதைவிட 4.6 என்ற எண்ணை ஒருமுறை படித்துக் காட்டினால் பையனுக்கு ஏறும்.

பேட்டிங் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஒவ்வொருவனுக்கும் வெளியே தனிக் கோச் ஒருவர் இருப்பார், செல்போனில் நூறு வீடியோ இருக்கும். முதல் மாதம் கை வைக்காதீர்கள், பாருங்கள். மட்டை மட்டும் சரியான முத்திரை உள்ளதா என்று பாருங்கள். உலோக மட்டை என்றால், பந்து அதிக வேகத்தில் தெறிக்காது என்று காட்டும் பிபிகோர் முத்திரை வேண்டும்.

மவுண்ட்

மைதானத்தில் ஒரே ஒரு இடத்தை ஒழுங்காக வைத்திருக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், மவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்சர் நிற்கிற அந்த மேடு, பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டைவிட 10 அங்குலம் உயரம். 24 அங்குல நீள ரப்பர் பலகையிலிருந்து பிளேட்டின் பின்முனைக்கு 60 அடி 6 அங்குலம். ரப்பருக்கு முன்னால் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் சரிய வேண்டும்.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபின் போய்ப் பார்த்தால் இரண்டு குழி இருக்கும். ரப்பரை ஒட்டி, பின்கால் உதைத்த குழி ஒன்று. முன்கால் வந்து விழுகிற இடத்தில் சோற்றுத்தட்டு அளவுக்கு இன்னொன்று. அப்படியே விட்டால் மறுநாள் பிட்சரின் கால் குழிக்குள் சறுக்கும், அதைச் சரிக்கட்டக் கை வேலை செய்யும். கை வலி என்று வருகிற சிலருக்குக் காரணம் காலடியில் கிடக்கிறது.

சரிசெய்வது ஒன்றும் வித்தை இல்லை, எங்கள் ஊரில் பாட்டி திண்ணை மெழுகிய முறைதான். உதிர்ந்த மண்ணைத் துடைப்பத்தால் முழுக்கப் பெருக்கி எடுங்கள். உலர்ந்த புழுதி மேல் புதுமண் ஒட்டாது. குழியின் அடியைக் கொத்தி லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சேறாகக் கூடாது, கட்டை விரலால் அழுத்தினால் பதிய வேண்டும். களிமண்ணை நிரப்பி, கனமான இரும்புத் தட்டியால் இடியுங்கள். தட்டியின் அடியில் ஒட்டாமலிருக்க ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். மேலே சிறிது காய்ந்த மண் தூவி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். இருபது நிமிடம். பேட்டர் நிற்கிற இடத்துக்கும் கேட்சர் குந்துகிற இடத்துக்கும் இதே வைத்தியம். பிட்சர்களையே செய்ய வையுங்கள், அன்று யார் ஆடினானோ அவன். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு தங்கள் மேட்டை அடுத்தவன் மிதித்தால் கோபப்படுவார்கள்.

பிட்சரின் முழங்கை

கிரிக்கெட் பந்துவீச்சில் கை நீண்டபடி சுற்றும். பேஸ்பாலில் முழங்கை மடங்கி, தோள் பின்னால் சாய்ந்து, கை சாட்டை மாதிரி முன்னே வரும். அந்தக் கணத்தில் முழங்கையின் உட்புறத்தில் இரண்டு எலும்பைக் கட்டி வைத்திருக்கிற நார்தான் பாரத்தைத் தாங்குகிறது. 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் அணியின் டாமி ஜானுக்கு அது அறுந்தபோது, மருத்துவர் ஃபிராங்க் ஜோப் இன்னொரு கையிலிருந்து நார் எடுத்துக் கட்டினார். ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அந்த அறுவைக்கு இன்றும் அவர் பெயர்தான். இதைக் கேட்ட பையன்கள், அறுந்தால் கட்டிக்கொள்ளலாம் என்று எளிதாக நினைக்கிறார்கள். திரும்பி ஆட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். உங்களிடம் இருக்கப்போவதே இரண்டு வருடம்.

ஆகவே எண்ணுங்கள். 19 முதல் 22 வயதுக்கு மேஜர் லீக் தந்திருக்கும் பிட்ச் ஸ்மார்ட் வரையறை இது: ஒரு நாளில் 120 பந்துக்கு மேல் கூடாது. 31 முதல் 45 பந்து போட்டால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு நாள், 80 வரை மூன்று, 105 வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து. 18 வயதுப் பையனுக்கு உச்சவரம்பே 105. முதல் வருடப் பையன்களில் நிறையப் பேர் செப்டம்பரில் 18தான், பிறந்த தேதியைப் பட்டியலில் எழுதி வையுங்கள். என் சொந்தக் கணக்கு இதைவிடக் கறார். 90 தாண்டினால், மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பெனில் யாரையாவது எழுப்பிவிடுவேன். பிப்ரவரியில் 60தான்.

எண் மட்டும் போதாது. ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் இடதுகைப் பையன் முதல் இன்னிங்ஸிலேயே வழக்கத்தைவிட மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்தான். பந்துகள் எல்லாம் மேலே மேலே போயின, இரண்டு பேட்டருக்கு ஒருமுறை கையை உதறினான். அணி உட்காருகிற டகவுட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். தண்ணீர் குடித்தான், தொப்பியைக் கழற்றி மாட்டினான். பிறகுதான் வந்தது: ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் அணிக்கு ஆள் குறைந்திருக்கிறது, ஐந்து இன்னிங்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான். "சித்தப்பா கேட்டா எப்படி கோச் முடியாதுன்றது?" எனக்கு அந்தக் கேள்வி நன்றாகவே புரிந்தது, நம் வீடுகளிலும் அதே நிலைதான். அவனை அப்போதே இறக்கிவிட்டோம். அடுத்த வாரம் சித்தப்பாவை ஆட்டத்துக்கு அழைத்து, பந்து எண்ணுகிற கருவியை அவர் கையிலேயே கொடுத்தேன். சீசன் முடியும்வரை அவர்தான் எண்ணினார், ஒரு பந்துகூடத் தப்பவில்லை.

ஆட்ட நாள்

இதில் சொல்ல அதிகம் இல்லை, முன்னால் செய்ததுதான் இங்கே தெரியும். லைனப் அட்டையில் பெயரும் எண்ணும் சரியா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். பிளேட் அருகே அம்பயர்களைச் சந்திக்கும்போது உங்கள் மைதானத்தின் கோணல்களைச் சொல்லிவிடுங்கள்: வேலியில் ஓட்டை எங்கே, டகவுட்டுக்குள் பந்து போனால் என்ன.

மவுண்டுக்கு நடந்து போய் பிட்சரிடம் பேசும்போது எண்ணிக்கை நினைவில் இருக்கட்டும். ஒரே இன்னிங்ஸில் அதே பிட்சரிடம் இரண்டாவது முறை போனால் அவனை மாற்றியே ஆக வேண்டும். ஆத்திரத்தில் கால் மைதானத்தின் ஓரக்கோட்டைத் தாண்டிவிட்டால் திரும்பிவர முடியாது.

மூன்றாம் பேஸ் அருகே நின்று ஓட்டக்காரனை அனுப்புவது பெரும்பாலும் தலைமைக் கோச்சே. பழைய பாடம் ஒன்று உண்டு: இன்னிங்ஸின் முதல் அவுட்டும் மூன்றாவது அவுட்டும் மூன்றாம் பேஸில் ஆகக் கூடாது. அவுட் யாரும் இல்லாதபோது இரண்டாம் பேஸிலேயே நின்றாலும் ரன் வர நிறைய வழி இருக்கிறது, அவசரம் எதற்கு? இரண்டு அவுட் ஆகிவிட்டால், இரண்டாவதில் இருப்பவனும் ஒரு ஹிட்டில் ஹோம் பிளேட்டுக்கு வந்து ரன் ஆகிவிடுவான், மூன்றாவதுக்கு ஓடி லாபம் குறைவு. ஒரே ஒரு அவுட் இருக்கும்போதுதான் துணிய வேண்டும், அப்போது மூன்றாவதில் நிற்கிறவன் ஒரு உயரப்பந்திலேயே, அது பிடிபட்டாலும், ரன் ஆகிவிடலாம். நான் துணியக் கூடாத நேரத்தில் துணிந்து, என் பையனைப் பிளேட்டுக்குப் பத்தடி முன்னால் அவுட்டாக்கியிருக்கிறேன். திரும்பி வந்து டகவுட்டில் "என் தப்பு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் பையன்கள் ஓடத் தயங்குவார்கள்.

அடுத்த வண்டி

இரண்டாம் வருடப் பையனின் மாறுதல் வேலை அக்டோபரிலேயே தொடங்க வேண்டும். மே மாதம் ஆரம்பித்தால் வண்டி போய்விட்டிருக்கும். ஒவ்வொருவனோடும் தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். மேசை மேல் மார்க் ஷீட், ஒரு வெற்றுத்தாள். டிவிஷன் 1 என்றால் மாற்றத்தக்க பாடங்களில் 2.5 ஜிபிஏ வேண்டும். மூன்றாம் வருடத்தில் நுழைகிறவன், அங்கே எடுக்கப்போகிற பட்டத்தில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். எடுத்த யூனிட் எத்தனை என்பது வேறு, அந்தப் பட்டத்தில் செல்லுவது எத்தனை என்பது வேறு. 62 யூனிட் வைத்திருக்கும் பையன் பிசினஸ் பட்டத்துக்கு 40 சதவீதம் எட்டாமல், வேறு துறைக்கு மாறிச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளி முடிக்கும்போதே என்சிஏஏ தகுதி பெறாதவனுக்கு நிபந்தனை இன்னும் கடினம், பட்டம் வாங்கியே போக வேண்டும். எவன் எந்தக் கூட்டம் என்று முதல் செமஸ்டரிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, டிவிஷன் 1 பேஸ்பாலில் டிசம்பரில் மாறிப்போனவன் அந்த வசந்தத்திலேயே ஆட முடியாது. ஆகஸ்டில்தான் போக வேண்டும்.

வருடக் கணக்கு விதிகள் இப்போது ஆடிக்கொண்டிருக்கின்றன. முழுநேர மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடக் கடிகாரம் ஓடும் என்பதால், முதல் செமஸ்டர் 12 யூனிட்டுக்குக் கீழே எடுத்துக் கடிகாரத்தை நிறுத்தி வைப்பது பழைய உத்தி. கிரேஷர்ட் என்பார்கள். 2024 டிசம்பரில் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் வீரர் டியகோ பவியா, ஜூனியர் காலேஜ் வருடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார். என்சிஏஏ அவர் நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் 2025–26க்கு ஒரு வருட விலக்கு தந்தது. நீங்கள் இதைப் படிக்கும்போது என்ன நிலவரமோ. பையனிடம் பழைய நினைவில் பதில் சொல்லாமல், அவன் போகிற கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

அங்கிருந்து கோச்சுகள் உங்களுக்குப் போன் செய்வார்கள். பையனின் வேகம், பேட்டிங் எண்கள் எல்லாம் அவர்களிடமே இருக்கும். கேட்பது வேறு: நேரத்துக்கு வருகிறானா, உட்கார வைத்தால் முகம் எப்படி இருக்கும், வகுப்புக்குப் போகிறானா. ஒருமுறை பொய் சொல்லி ஒருவனை ஏற்றி அனுப்பினால், அடுத்த ஐந்து வருடம் அந்தக் கல்லூரி உங்கள் போனை எடுக்காது. அந்தப் பையனுக்குப் பின்னால் வருகிறவர்கள்தான் விலை கொடுப்பார்கள். நான் குறையையும் சேர்த்தே சொல்வேன்: "காலையில எழுப்பணும், எழுந்துட்டா ராத்திரி வரைக்கும் மைதானத்தை விட்டுப் போக மாட்டான்." அவனை எடுத்துக்கொண்டார்கள்.

டிவிஷன் 1 கிடைக்காதவர்களுக்கு டிவிஷன் 2 உண்டு, என்ஏஐஏ என்கிற இன்னொரு சங்கத்தின் கல்லூரிகள் உண்டு. பேஸ்பாலை இங்கேயே நிறுத்திக்கொண்டு நர்சிங்குக்கோ வெல்டிங்குக்கோ போகிறவனுக்கும் அதே அரை மணி நேரம் கொடுங்கள். எங்கள் செகண்ட் பேஸ்மேன், அந்த ஒற்றை பட்டன் பையன், அடுத்த செமஸ்டர் புள்ளியியலை மறுபடி எடுத்து பி வாங்கினான். இப்போது பக்கத்து ஊரில் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார்.

ஜூன் முதல் வாரம் சாமான் கணக்கு. சட்டை, கால்சட்டை, ஹெல்மெட், கேட்சர் கவசம், பந்து வாளி எல்லாவற்றையும் எண்ணி, நனையாத இடத்தில் பூட்டுங்கள். தையல் பிரிந்த பந்துகளைக் கூண்டுப் பயிற்சிக்குத் தனியாக ஒதுக்குங்கள். ஒரு சட்டையாவது குறையும், நிச்சயம். எங்கள் 14ஆம் எண் சட்டை ஒரு வருடம் ஆகஸ்டில்தான் வந்தது, டெக்சாஸிலிருந்து தபாலில், துவைக்காமல். அதற்குள் அந்த எண்ணைப் புதுப்பையன் ஒருவன் கேட்டு வைத்திருந்தான்.